மாவு அரைக்காத வாரம்

முதலில் சத்தம்தான் கேட்டது. பூட்டைப் பிடித்து கேட்டில் தட்டுகிற சத்தம். டங், டங், கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டங். நான் கண்ணைத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து படுத்தவள். பால்காரன் என்றால் மணி அடிப்பான், கேஸ்காரன் என்றால் சிலிண்டரை உருட்டுவான். இது பழகாத சத்தம். அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல்.

"இந்த வீட்டுல எத்தனை குடும்பம் இருக்கீங்க?"

அதற்கு என் வீட்டுக்காரர் குரல்.

"ஒரே குடும்பம்தான் சார். நான்தான் தலைவர்."

அவ்வளவுதான். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

உட்காருங்க மேடம். அந்த ஸ்டூல் ஆடும், இந்த நாற்காலியில் உட்காருங்க. உங்களுக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த ஜெயபாலன் சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறீர்கள். அவருக்கு இந்த வீட்டுக் கதை எல்லாம் தெரியும். நீங்கள் புதுசு. அதுவும் இது நாலாவது தடவை, கடைசித் தடவை. இதற்கப்புறம் நீங்கள் யாரும் இந்தத் தெருப் பக்கம் வரமாட்டீர்கள். அதனால் நான் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் கேட்கிறதைக் கேளுங்க. அந்தாள் வர நேரமாகும். ரேஷன் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குப் பாமாயில் போடுகிற நாள், வரிசை தெருமுனை தாண்டி நிற்கும். தெரிந்துதான் அனுப்பினேன்.

அந்தாள் என்றால் என் வீட்டுக்காரர். அங்குராஜ். பஸ் ஸ்டாண்டு பக்கம் அங்குராஜ் மெஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? தேனியில் அப்போது அதைத் தெரியாத டிரைவர் கிடையாது. அங்குராஜ் கல்லாவில் இருப்பார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். மெஸ் எங்கே இருந்தது? பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. அங்கே இருந்தது நான். விடியுமுன் அடுப்பு மூட்டினால் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்க்கிற வரைக்கும் நான்தான். குழம்பு, ரசம், கூட்டு, எல்லாம் என் கை. சம்பளமா? எதற்குச் சம்பளம்? பெண்டாட்டிக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

சரி, அதைக்கூட விடுங்க. ஒருநாள் உங்களை மாதிரியே ஒருத்தர் வந்தார். கணக்கெடுக்கிறவர். மெஸ்ஸிலேயே உட்கார்ந்து அந்தாளிடம் கேட்டு எழுதினார். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தேன். கொதிக்கிற சாம்பார், மேடம். புடவை முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வருகிறேன். அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டு அந்தாளிடம் கேட்டார், "உங்க சம்சாரம் என்ன வேலை பார்க்கிறாங்க?"

அந்தாள் சொன்னார், "அவ சும்மாதான் சார் இருக்கா. வீட்டைப் பார்த்துக்கிறா."

எழுதிக்கொண்டார். நான் வாளியோடு நிற்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அப்புறம் சாப்பிட்டார். ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டார். நான்தான் ஊற்றினேன்.

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் காதில் விழும். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சும்மா. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்க்கிறவளுக்கு யோசிக்க நேரம் நிறைய. எல்லோரும் தூங்குவார்கள், ஒரு பெட்டில் யாராவது முனகுவார்கள், பழைய பத்திரிகை எதுவாவது கிடக்கும், எட்டாவதோடு விட்டுப்போன படிப்பு, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி இப்போது நன்றாகவே படிப்பேன். எதைப் படித்தாலும் கடைசியில் அந்த வார்த்தையில்தான் வந்து நிற்பேன்.

அப்புறம் மெஸ்ஸை விற்றார். என்னிடம் கேட்கவில்லை. விற்றது பெரிசில்லை. வாங்கினவனிடம் என்ன சொல்லி விற்றார் தெரியுமா? "சாமான், பேரு, வாடிக்கை எல்லாம் சேத்துதான். பத்து நாள் என் வீட்டுக்காரி வந்து உங்க மாஸ்டருக்குக் கைப்பக்குவம் சொல்லிக் குடுப்பா." நான் வந்து சொல்லிக் கொடுப்பேனாம். என் குழம்பை இன்னொருத்தனுக்கு நான் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். போனேன் மேடம். போய்ச் சொல்லிக் கொடுத்தேன். வெந்தயத்தை எப்போது போடவேண்டும் என்பதை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மெஸ் இப்போது இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரிங்க. எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது.

பத்தாவது நாள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பிரித்தேன். இது அவருடைய அப்பா கட்டின வீடு, அதனால் என்னைப் போ என்று அவரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. எங்கே போவேன்? முன் ரூம் அவருக்கு, பின் ரூம் எனக்கு. அவருக்கு ஒற்றை பர்னர் அடுப்பு, எனக்கு இதோ இந்த ரெண்டு பர்னர். அவர் சோறு மட்டும் பொங்குவார், முட்டை அவிப்பார், குழம்பு கடையில் வாங்குவார். நான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலத்தில் மாவு அரைத்துத் தெருவுக்கு விற்றேன். கட்டிக் கொடுத்த பெண் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணுவாள், "ஏம்மா, வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கும்மா இது, ஒண்ணாச் சாப்பிட்டா என்ன?" நான் போனை வைத்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெயபாலன் சார் வந்து கேட்டைத் தட்டியது. எத்தனை குடும்பம் என்று கேட்டது. அந்தாள் ஒன்று என்று சொன்னது.

நான் எழுந்து வந்து சொன்னேன், "ரெண்டு சார்."

அந்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், உள்ள போ. ஆபீஸர் முன்னாடி மானத்தை வாங்காத."

ஜெயபாலன் சார் கோபப்படவே இல்லை. பொறுமையான மனுஷன். "அடுப்பு எத்தனைம்மா?" என்றார்.

"ரெண்டு."

"பார்க்கலாமா?"

காட்டினேன். முன் ரூமில் அவர் அடுப்பு, மேலே பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்து கிடந்தது. பின் ரூமில் என் அடுப்பு. நான் துடைத்து வைக்கிறவள். அவர் ரெண்டையும் பார்த்துவிட்டு சொன்னார், "ஒரே கூரை, ஒரே ரத்தம் எல்லாம் எங்களுக்குக் கணக்கு இல்லைம்மா. ஒரே அடுப்புல சமைச்சு ஒண்ணாச் சாப்பிடுறவங்கதான் ஒரு குடும்பம். அடுப்பு ரெண்டுன்னா குடும்பம் ரெண்டு."

அந்தாளுக்கு மூஞ்சி எப்படிப் போனது தெரியுமா? "சார், கழுத்துல தாலி தொங்குது பாருங்க சார்!"

"தாலியைப் பத்தி எங்க புஸ்தகத்துல ஒண்ணும் போடலைங்க. சாப்பாட்டைப் பத்தித்தான் போட்டிருக்கு."

எனக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. எழுதினார். இந்த வீட்டில் ரெண்டு குடும்பம். முதல் குடும்பத்துக்குத் தலைவர் அங்குராஜ், ஆள் ஒருவர், பத்தாவது பாஸ். ரெண்டாவது குடும்பத்துக்குத் தலைவர் பவுன்தாய், ஆள் ஒருவர், எட்டாவது. என் பேருக்கு முன்னால் தலைவர் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தாள் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தார். நான் அன்றைக்குத் தூங்கவில்லை, ஆனால் டூட்டியில் களைப்பே தெரியவில்லை.

அந்த வாரம் தெரு முழுக்க எழுதினார் அவர். எல்லா வீட்டையும் எழுதிவிட்டு, அதில் சில வீடுகளை மட்டும் எடுப்பார்களாமே. உங்களுக்குத் தெரியாததா. எதிர்வீட்டு ஜெரினா அவரை வழிமறித்து, "சார், எங்க வீட்டை எடுங்க, எங்க வீட்டுல அஞ்சு பேரு வேலைக்குப் போறோம், நல்லா விவரமாச் சொல்லுவோம்" என்றாள். "கேட்டு வர்றவங்களை எடுத்தா அது கணக்கு இல்லைம்மா. எழுதின வரிசையில இத்தனைக்கு ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டே போவேன். எங்க விழுதோ அந்த வீடு. நான் நினைச்சாலும் மாத்த முடியாது" என்றார். அதற்கு முன்னால் வீடுகளைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பாராம், பத்தாவது படித்தவர் இருக்கிற வீடு ஒரு கட்டு, இல்லாத வீடு ஒரு கட்டு. அதனால் அந்தாள் ஒரு கட்டில் போனார், நான் ஒரு கட்டில் போனேன். ஒரே கூரைக்குக் கீழே.

என் வீடு விழுந்தது. அவர் வீடு விழவில்லை.

ஜெயபாலன் சார் வந்து இதே இடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். போன ஏழு நாளில் என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் சம்பளம் தருகிறார்கள், மாவு வியாபாரம் சொந்தமா. எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றும் சொல்லச் சொல்ல ருசியாக இருந்தது. நான் வேலை பார்க்கிறேன் என்று ஒருத்தர் எழுதிக்கொண்டே இருக்கிறார். அப்புறம் எழுதிக்கொண்டிருந்த டேப்லெட்டை மூடினார்.

"சார், அவரைக் கேட்கலையா?"

"யாரை?"

"முன் ரூம்ல இருக்கிறவரை. அவர் என்ன வேலை பார்க்கிறார்னு கேளுங்க. ஒரு வேலையும் இல்லை. வருஷக்கணக்கா சும்மா இருக்கார். எழுதுங்க."

"அவர் உங்க குடும்பத்துல இல்லையேம்மா. நீங்கதானே பிரிச்சுச் சொன்னீங்க. அவர் தனிக் குடும்பம், அந்தக் குடும்பம் தேர்வாகலை. அவரைப் பத்தி நான் எழுத முடியாது."

முன் ரூமிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்க. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "கேட்டியா பவுனு? நீதானே பிரிச்ச! இப்ப அனுபவி!"

தப்பிவிட்டார். என்னை அன்றைக்கு சும்மா என்று எழுத வைத்த ஆள், தன் மேல் ஒரு எழுத்தும் விழாமல் தப்பிவிட்டார். அதுவும் என் வாயாலேயே.

ஜெயபாலன் சார் எழுந்து போகும்போது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மொத்தம் நாலு தடவை வருவேன் என்றார். "ஒவ்வொரு தடவையும் குடும்பத்துல யார் யார்னு திரும்பப் பார்ப்பேன். யாராவது வந்திருந்தா சேர்ப்பேன், போயிருந்தா எடுப்பேன்."

"வந்திருந்தான்னா?"

"உங்க அடுப்புல தொடர்ந்து சாப்பிட்டா, உங்க குடும்பம்."

இன்னொன்றும் சொன்னார். "பேரெல்லாம் வெளியே போகாதும்மா. ஆனா உங்க ஒரு வீடு, எடுக்காம விட்ட எத்தனையோ ஆயிரம் வீட்டுக்கும் சேத்துப் பேசுது. நீங்க சொல்ற ஒண்ணை அத்தனையாப் பெருக்கிக்குவாங்க. அதனால உண்மையைச் சொல்லணும்."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு தடவை சும்மா என்று சொன்னால் போதும். அவர்களே அதைப் பெருக்கி, ஆயிரம் ஆயிரமாக ஆக்கி, அங்குராஜைச் சும்மா உட்கார வைப்பார்கள். இந்த நாடு முழுக்க, வாசல் படி வாசல் படியாக, அந்தாள் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்கு நான் செய்யவேண்டியது ஒன்றுதான். அந்தாளுக்குச் சோறு போடவேண்டும்.

மறுநாளே போட்டேன். தட்டில் சோறும் குழம்பும் வைத்து முன் ரூமில் கொண்டுபோய் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விஷம் கிஷம் வச்சிருக்கியா?"

"விஷம் என்ன விலை விக்கிது தெரியுமா?"

சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து தட்டைக் கழுவாத ஆள். மறுநாள் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ஆளைப் பிடிக்கவேண்டும் என்றால் ஆளுக்குப் பிடித்ததைத்தானே வைக்கவேண்டும்? அதற்காகத்தான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை குடல். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களி. ஆள் நடுவில் செத்துப்போய்விட்டால் யாரை எழுதுவது? ஒற்றை பர்னரை அவரே கழற்றிப் பரணில் போட்டார்.

ஆனால் ஒன்று, மேடம். ஆக்கிப் போட்டுவிட்டு, அந்த ஆள் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால், "சும்மாத்தானே இருக்கீங்க, இந்த கிரைண்டர்கிட்ட உட்காருங்க" என்றேன். வேண்டும் என்றே கிரைண்டரை இழுத்து வாசல் பக்கம் போட்டேன். தெரு பார்க்கட்டும். வெள்ளைச் சட்டைக்காரர் மாவு அரைக்கிறதைத் தெரு முழுக்கப் பார்க்கட்டும். முழங்கை வரை மாவோடு உட்கார்ந்திருந்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்ன முதலாளி, புதுக் கடையா?" என்றான். நான் ஜன்னலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கேட்டேன். நல்ல தூக்கம் வந்தது.

வெட்கப்பட்டு எழுந்து போவார் என்று பார்த்தால், இல்லை. அந்தாளுக்கு அது பிடித்துப்போய்விட்டது! உளுந்து பொங்கி வரும்போது ஐஸ் தண்ணீர் தெளிக்கவேண்டும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தார். பாக்கெட் போட்டார், ரப்பர் பேண்ட் மாட்டினார், வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். வாய்தான் இருக்கிறதே. கொஞ்ச நாளில் ஜெரினா மகள் வந்து என்னிடமே கேட்கிறாள், "அத்தே, அங்குராஜ் மாவு ரெண்டு பாக்கெட்."

அங்குராஜ் மாவு! அரிசி என்னது, உளுந்து என்னது, பக்குவம் என்னது. பேரு மட்டும் அவரது. மறுபடியும். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்க. இருக்கட்டும், இருக்கட்டும், ஜெயபாலன் சார் வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

வந்தார். "இப்ப இந்த அடுப்புல யார் யாரும்மா?"

"நானும் அந்தாளும்."

சேர்த்துக்கொண்டார். தலைவர் நான்தான், அதில் மாற்றமில்லை. தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டார். கணவர் என்றேன். அடுத்தது, போன ஏழு நாள். இந்த ஒரு கேள்விக்காக மூன்று மாதம் சோறு ஆக்கியிருக்கிறேன். நிதானமாகச் சொன்னேன்.

"சும்மா இருந்தார் சார்."

அவர் எழுதவில்லை. வாசல் பக்கம் பார்த்தார். அங்கே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தாள் பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்.

"மாவு அவர்தானே அரைக்கிறார்?"

"அது நான் அரைக்கச் சொன்னது சார். வேலை இல்லை அது."

"விக்கிறதுக்கு அரைக்கிற மாவுதானே? ஏழு நாள்ல ஒரு மணி நேரம் செஞ்சாலே வேலைக் கணக்குல வந்துரும்மா. குடும்பத் தொழில்ல சம்பளம் இல்லாத உதவியாளர். அப்படித்தான் எழுதணும்."

"நான் அஞ்சு காசு குடுக்கலையே சார்! சோறுதானே போடுறேன்!"

"குடுக்காட்டியும் வேலை வேலைதாம்மா."

அப்புறம் கேட்டேன். "சார், ஒருத்தி புருஷன் வச்சிருந்த மெஸ்ஸுல விடிய விடிய சமைச்சா. சம்பளம் இல்லை. அவளை என்னன்னு எழுதணும்?"

"இதேதான். வேலை பார்க்கிறவங்கன்னுதான் எழுதணும்."

"வீட்டுல சும்மா இருக்கான்னு எழுதியிருந்தா?"

அவர் என்னையே பார்த்தார். "தப்பும்மா. எழுதினவர் அவங்களைக் கேட்டிருக்கணும்."

தப்பு என்று ஒரு ஆபீஸர் சொல்லிக் கேட்டேன். சொன்னவர் நல்ல மனுஷன், ஆனால் தப்புச் செய்தவர் அவர் இல்லையே. தப்புச் செய்தவர் வாசலில் மாவு வழித்துக்கொண்டு, "பார்த்தியா பவுனு, கவர்மென்டே சொல்லிருச்சு, நான் வேலை பார்க்கிறேன்னு!" என்று கத்துகிறார். நான் பதினான்கு வருஷம் வேகவைத்துக் கிடைக்காத வார்த்தை, மேடம், அந்தாளுக்கு மூன்று மாதம் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கிடைத்துவிட்டது. அதுவும் நான் போட்ட சோற்றில்.

அன்றைக்கு அழுதேனா என்று கேட்காதீங்க.

மூன்றாவது தடவைக்கு உஷாராக இருந்தேன். கிரைண்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "ஏன்?" என்றார். "தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது" என்றேன். ஆனால் நான் பகலில் தூங்குகிறவள் இல்லையா? தூங்கி எழுந்து பார்த்தால் மாவு அரைத்து வைத்திருக்கும். "நீ ராத்திரி நின்னுட்டு வர்ற. நான் அரைச்சா என்ன குறைஞ்சு போகுது?" என்பார். நடிப்பு, மேடம். ஜெயபாலன் சார் வந்தபோது நான், "இல்லை சார், இந்த வாரம் தொடவே இல்லை" என்று சொல்லி வாயை மூடவில்லை, அந்தாள் துண்டை உதறிக்கொண்டு வந்து, "என்ன தொடலை? தினம் ரெண்டு மணி நேரம் அரைக்கிறேன் சார். எழுதிக்கோங்க" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எழுதிக்கொண்டார்.

அதனால்தான் இந்தத் தடவை நான் பாதி வேலை வைக்கவில்லை. போன வாரம் கிரைண்டர் பெல்ட்டைக் கழற்றி என் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பெல்ட் அறுந்துவிட்டது என்று சொன்னேன். ஏழு நாள் முழுசாக முடிந்தபிறகுதான் எப்போது வரலாம் என்று கேட்டு உங்கள் ஆபீஸிலிருந்து வந்த போனுக்கு, வரலாம் என்று சொன்னேன். வியாபாரம் போச்சு. ஜெரினா கடையில் மாவு வாங்கி, அது புளித்துப்போய், என்னைத் திட்டினாள். போகட்டும். ஏழு நாளும் அந்தாளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. காலையில் காபி, மத்தியானம் சோறு, சாயங்காலம் சுண்டல். முதல் ரெண்டு நாள் டிவி பார்த்தார். மூன்றாம் நாள் கிரைண்டர் கல்லை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் வாசல் படியில் போய் உட்கார்ந்தார். மாவு கேட்டு வருகிறவர்களிடம், "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "பவுனு, என்கிட்ட என்ன கோபம்?" என்றார்.

என்ன கோபமாம்! கேட்கிறார் பாருங்க, இத்தனை வருஷம் கழித்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவ்வளவும் வீணாகிவிடும்.

ஆகவே எழுதுங்க மேடம். அங்குராஜ், தலைவரின் கணவர், என் அடுப்பில்தான் சாப்பிடுகிறார். போன ஏழு நாளில் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கவில்லை. இது பொய்யில்லை, சத்தியமான உண்மை. சும்மா இருந்தார். எழுதுங்க.

ஏன் எழுதாமல் பார்க்கிறீர்கள்?

என்ன கேள்வி அது? திரும்பச் சொல்லுங்க. தொழில் நிரந்தரமாக நின்றுவிட்டதா, இல்லை தற்காலிகமாகத்தானா?

தற்காலிகம் என்றால் என்ன ஆகும்?

வேலை இருக்கிறது, இந்த வாரம் மட்டும் போகவில்லை, அப்படித்தான் எழுதுவீர்களா? லீவில் இருக்கிறவரை மாதிரியா? அப்போதும் வேலை பார்க்கிறவர்தானா?

இருங்க. கொஞ்சம் இருங்க.

இது ஜெயபாலன் சார் சொல்லவில்லையே. ஏழு நாள் என்றுதானே சொன்னார். ஏழு நாள் எண்ணி எண்ணி உட்கார வைத்தேனே. கையில் வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு.

அவர் வந்ததும் அவரையே கேட்டு எழுதவா? வேண்டாம், மேடம். அவர் வந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னைக் கேட்டா எழுதினார்கள்? நான் பக்கத்தில்தானே நின்றேன், வாளியோடு? குடும்பத் தலைவர் சொன்னதைத்தானே எழுதினார்கள்? இன்றைக்குத் தலைவர் நான். நான் சொல்கிறேன்.

நிரந்தரம்.

ஆமாம், நிரந்தரமாக நிறுத்திவிட்டேன். இனிமேல் மாவு அரைக்க மாட்டேன். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். நீங்கள் என் வாயால் வருகிறதைத்தானே எழுதவேண்டும்? அப்படியானால் எழுதுங்க.

அடுத்தது? வேலை தேடினாரா? தேடவில்லை. வேலை கிடைத்தால் போகத் தயாரா? தயாரில்லை. போங்க, எல்லாவற்றுக்கும் இல்லை.

முடிந்ததா? படித்துக் காட்டுங்க, ஒரு தடவை. "வேலை செய்யவில்லை, வேலை தேடவில்லை, வேலைக்குத் தயாராகவும் இல்லை." இன்னொரு தடவை படிங்க. கொஞ்சம் மெதுவாக.

ம்.

இனிமேல் அதை யாரும் மாற்ற முடியாது இல்லையா? அனுப்பியாகிவிட்டது? சரி. ஆயிரமாயிரமாகப் பெருக்கிக்கொள்ளட்டும்.

மோர் குடிக்கிறீர்களா? வெயிலில் போகப் போகிறீர்கள். குடிங்க. என்ன, இனிமேல் எதற்கு அவருக்குச் சோறு என்றா? அதெல்லாம்... இன்றைக்குக் குழம்புக்குப் புளி கரைத்தாகிவிட்டது, மேடம். அதை விடுங்க.

அந்தக் காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்க, பெரிய குண்டானை எடுக்கவேண்டும். அரிசி நாலு படி. போன வாரம் ஏமாந்து போனவர்கள் எல்லாம் நாளைக்குச் சேர்த்துக் கேட்பார்கள், நாலு போதாது, அஞ்சாகவே போடுகிறேன். உளுந்து தனியாக ஊறவேண்டும். இந்தக் கணக்கு மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவார்.

நீங்கள் மோரைக் குடிங்க. நான் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருக்கிறேன். ரெண்டு தண்ணீர் கலங்கலாகத்தான் வரும், மூன்றாவது தண்ணீர் தெளிந்துவிடும்.